பேரிஜம்: ஏரிக்கு மேலே இருக்கும் ஏரி

பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோடு வழியாகத் திருச்சூர் செல்லும் சாலையில், தமிழக எல்லையைக் கடந்ததும் வரும் ஊர் கோவிந்தாபுரம். தமிழும் மலையாளமும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே வாழும் இத்தகைய எல்லையூர்களில், இரு மொழிக்கும் பொதுவான ஒரு சொல் சற்றே பொருள் மாறி நிற்பதைக் காணலாம். தமிழில் சோலை என்றால் மரங்கள் அடர்ந்த இடம். மலையாளத்தில் சோல என்றால் நிழல், தோப்பு. அதனோடு சிற்றோடை என்றும் பொருள். மதிகெட்டான் சோல, பாம்பாடும் சோல என்று கேரள வனத்துறை எழுதும்போது, மரமும் நீரும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றன. ஆங்கிலம் இச்சொல்லை எடுத்துக்கொண்டபோது மரத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. இன்று உலகெங்கும் சூழலியல் நூல்களில் 'ஷோலா' என்பது மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்நிலைப் பள்ளத்தாக்குகளில் வளரும் குட்டை மரக் காட்டைக் குறிக்கும் கலைச்சொல். ஓடை வழியில் விடுபட்டுப்போயிற்று.

இதை வெறும் அகராதிச் செய்தியாகக் கடந்துவிட முடியாது. கோவிந்தாபுரத்தை ஒட்டிய சிற்றூர்ச் சமவெளி, பாலக்காட்டின் பிற பகுதிகளைவிட மழை குறைந்தது. அதன் பாசனம் மலையை நம்பி இருப்பது. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் 1970ஆம் ஆண்டு மே 29 அன்று கையெழுத்தாகி, 1958ஆம் ஆண்டிலிருந்தே நடப்புக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. அதன்படி மணக்கடவு அணைக்கட்டில் கேரளத்துக்கு ஆண்டுதோறும் 7.25 டி.எம்.சி. நீர் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு கோடையிலும் இந்த எண்ணைச் சுற்றியே இரு மாநிலங்களும் வாதிடுகின்றன. கூடிற்றா, குறைந்ததா, யார் மடையை மூடினார் என்பதே பேச்சு. அணைக்கு மேலே, மலையுச்சியில், மழை எவ்வாறு நீராகத் தங்குகிறது என்பதை அந்த வாதத்தில் எவரும் கேட்பதில்லை. டி.எம்.சி. என்ற அலகு அணைக்குள் வந்த நீரை மட்டுமே அளக்கும்.

ஆனைமலை, மூணாறு உயர்மலைகள், பழனிமலை என்று மூன்று பெயரால் அழைக்கப்பட்டாலும், நில அமைப்பில் இவை ஒன்றோடொன்று இணைந்த ஒரே உயர்நிலம். 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடி அதன் உச்சி. அங்கிருந்து கிழக்கே வட்டவடை, கோவிலூர், பாம்பாடும் சோலை வழியாக மேடு இறங்காமல் பழனிமலைக்குள் நுழைகிறது. இடுக்கி மாவட்ட எல்லையைத் தாண்டிய அந்தக் கிழக்கு மேட்டில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,160 மீட்டர் உயரத்தில் பேரிஜம் ஏரி இருக்கிறது. கொடைக்கானல் நகரிலிருந்து 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல். 2013இல் அறிவிக்கப்பட்ட, 608.95 சதுர கி.மீ. பரப்புள்ள கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயத்துக்குள் அது அடங்கும். வனத்துறையின் அனுமதி பெற்ற குறிப்பிட்ட எண்ணிக்கை வாகனங்களுக்கு மட்டுமே அங்கு இடமுண்டு. பெரியகுளம் நகரின் குடிநீருக்கு அது ஓர் ஆதாரம்.

பேரிஜத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் சொல்லத் தயங்கும் ஒரு செய்தி உண்டு. அது இயற்கை ஏரி அன்று. சதுப்புப் பள்ளத்தாக்கின் குறுக்கே அணை கட்டித் தேக்கிய நீர் அது. 1860களில் பழனிமலையை ஆராய்ந்து எழுதிய டக்ளஸ் ஹாமில்டன் என்ற படை அதிகாரி இப்பகுதியில் தங்கியிருந்தார்; அவர் பெயரால் அவ்விடம் 'ஹாமில்டன் கோட்டை' எனப்பட்டது. அங்குக் கோட்டை எதுவும் இருந்ததில்லை. அணை பிற்காலத்தது. ஆகவே 'காலங்காலமாக இருக்கும் தூய ஏரி' என்று பேரிஜத்தைக் காக்கச் சொல்லும் வாதம் முதல் வரியிலேயே தடுக்கி விழுகிறது. காக்கப்பட வேண்டியது வேறொன்று: ஏரிக்கு மேலேயும் சுற்றிலும் இருக்கும் புல்வெளிச் சரிவுகள், அவற்றின் மடிப்புகளில் கிடக்கும் சதுப்புகள், ஓடைக் கரைச் சோலைகள். நீர்ப்பரப்பு அவற்றின் விளைவு மட்டுமே.

இதை விளக்க வேறு எங்கும் போக வேண்டியதில்லை. கொடைக்கானல் நகர ஏரியையும் பேரிஜத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் போதும். நகர ஏரி 1863இல் வியர் ஹென்றி லெவிஞ்ச் என்ற மதுரை ஆட்சியரின் முயற்சியால் அணை கட்டி உருவாக்கப்பட்டது. அதுவும் ஓடையும் சதுப்பும் இருந்த பள்ளமே. இரு ஏரிகளும் ஏறத்தாழ 60 ஏக்கர் பரப்பு. இரண்டும் மனிதர் கட்டியவை. இரண்டுக்கும் ஒரே மலை, ஒரே பருவமழை. வேறுபாடு சரிவில் இருக்கிறது. நகர ஏரியின் சரிவில் விடுதிகளும் சாலைகளும் கழிவுநீரும் வந்தன. பேரிஜத்தின் சரிவில் வீடுகள் வரவில்லை.

அந்த வேறுபாட்டை அளந்து காட்டிய ஆய்வும் இருக்கிறது. கொடைக்கானலில் இயங்கிய வெப்பமானித் தொழிற்சாலை, பாதரசக் கழிவு பற்றிய எதிர்ப்புக்குப் பின் 2001இல் மூடப்பட்டது. பின்னர் அணுசக்தித் துறையைச் சேர்ந்த ஐதராபாத் ஆய்வாளர்கள் கொடைக்கானல், பேரிஜம், கூக்கல் ஆகிய மூன்று ஏரிகளின் நீரையும் வண்டலையும் மீனையும் ஒப்பிட்டு 2006இல் முடிவுகளை வெளியிட்டனர். கொடைக்கானல் ஏரி நீரில் லிட்டருக்கு 356 முதல் 465 நானோகிராம் வரை பாதரசம் இருந்தது; பேரிஜத்திலும் கூக்கலிலும் குறிப்பிடத்தக்க அளவு குறைவு. அந்தத் தொழிற்சாலை நகர ஏரியின் கரையில் இருந்ததில்லை என்பது இங்கே கவனிக்கத்தக்கது. ஏரியின் எல்லை அதன் கரையோடு முடிவதில்லை. சரிவில் எது நடந்தாலும் காற்றும் மழையும் அதை ஏரியில் எழுதிவிடுகின்றன.

சதுப்பு என்ற சொல் தமிழ் வாசகருக்குப் பள்ளிக்கரணையையும் பிச்சாவரத்தையும் முத்துப்பேட்டையையும் நினைவூட்டும். எல்லாம் கடலோரச் சேறு. ஈராயிரம் மீட்டர் உயரத்தில், கண்ணாடிபோல் குளிர்ந்த காற்றில், ஒரு சதுப்பு கிடக்கும் என்பது கற்பனைக்கு எளிதில் எட்டுவதில்லை. மரபிலக்கணம் இதை அறியாததில்லை. குறிஞ்சித் திணைக்குரிய நீர் எனக் கருப்பொருள் பட்டியல் தருவது அருவியையும் சுனையையும்தான். மலையின் நீர் ஓடும் நீர் மட்டுமல்ல, தங்கும் நீரும் ஆகும் என்ற புரிதல் அந்த இரட்டைப் பெயரில் இருக்கிறது. இன்றைய சுற்றுலாத் தமிழில் அருவி பிழைத்துக்கொண்டது. சுனை கோயில் தலபுராணங்களுக்குள் ஒதுங்கிவிட்டது.

உயர்மலைச் சதுப்பு உருவாகும் விதம் எளியது, ஆனால் மிக மெதுவானது. பள்ளத்தாக்கின் அடியில் நீர் வடியாமல் நிற்கும். குளிரும் நீர்ச்செறிவும் மண்ணில் உயிர்வளியைக் குறைக்கும். மடிந்த கோரையும் புல்லும் முழுதாக மட்காமல் அடுக்கடுக்காகப் படியும். அந்தக் கரிய, பஞ்சுபோன்ற படிவைக் கரிச்சேறு எனலாம். மழைக்காலத்தில் அது நீரை உறிஞ்சி வைத்து, மழை ஓய்ந்த மாதங்களில் ஓடைக்குச் சிறிது சிறிதாக விடுகிறது. அத்துடன், காற்றிலிருந்து செடி எடுத்த கார்பனை ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் பூட்டி வைக்கிறது.

கரிச்சேறு ஓர் ஆவணக் காப்பகமும் ஆகும். ஆர். சுகுமார், ஆர். ரமேஷ் முதலியோர் நீலகிரிச் சதுப்புகளின் கரிச்சேற்றைத் துளைத்தெடுத்து, அதிலுள்ள கார்பன் ஐசோடோப்பு விகிதங்களை அளந்து, 1993இல் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். வெப்பமண்டலப் புற்கள் பலவும் மரங்களும் ஒளிச்சேர்க்கையில் வெவ்வேறு வேதிவழியைப் பின்பற்றுகின்றன. அந்த வேறுபாடு, செடி மடிந்து மண்ணான பின்னும் ஐசோடோப்பு விகிதத்தில் தங்கிவிடும். ஏறத்தாழ 20,000 ஆண்டு வரலாறு அந்தச் சேற்றில் படிக்கப்பட்டது. கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், வறண்ட காலத்தில், அம்மலைகளில் புல்லே மேலோங்கி இருந்தது. பின்னர் பருவமழை வலுத்தபோது மரவகைத் தாவரம் விரிந்தது. இந்த முடிவின் அரசியல் எடை பெரிது. மலையுச்சிப் புல்வெளி என்பது மனிதர் காட்டை வெட்டி எரித்ததால் எஞ்சிய பாழ்நிலம் என்ற கருத்து, காலனிய வனவியலிலிருந்து விடுதலைக்குப் பின்னும் தொடர்ந்து வந்தது. பாழ் என்று பெயரிட்டால் அங்கே மரம் நடுவது அறச்செயல் ஆகிவிடும். வேளாண்மை பரவுவதற்கு மிக முந்திய காலத்திலேயே அங்குப் புல் இருந்தது என்று சேறு சாட்சி சொன்னபோது, நடவு பெருமளவு முடிந்திருந்தது.

நடப்பட்டவை சீகை எனப்படும் வாட்டில், யூகலிப்டஸ், பைன் ஆகிய அந்நிய மரங்கள். தோல் பதனிடவும், விறகுக்கும், கூழுக்கும், செயற்கை இழைக்கும் தேவைப்பட்டவை. பழனிமலையின் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018இல் வெளியான அரசுமணி குழுவினரின் ஆய்வு, 1973க்கும் 2014க்கும் இடையே அம்மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்ததைக் காட்டியது. பெரும்பகுதி மரத்தோட்டமாகவும் ஒரு பகுதி விளைநிலமாகவும் மாறியது. மேற்குத் தொடர்ச்சி மலை முழுமைக்கும் செய்யப்பட்ட அடுத்த ஆய்வில், உயர்மலைப் புல்வெளி இழப்பு 340 சதுர கி.மீ. எனக் கணக்கிடப்பட்டது. பேரிஜம் செல்லும் வழியெங்கும் நெட்டையாக நிற்கும் பைன் மரங்களைப் பார்த்து, 'எவ்வளவு அடர்ந்த காடு!' என்று வியக்கும் பயணி, உண்மையில் ஓர் இழப்பை வியக்கிறார். அவர்மேல் குற்றமில்லை. பச்சையாக நெடிதாக இருப்பது காடு, காடு நல்லது என்றே பள்ளிப்பாடம் கற்பித்திருக்கிறது.

மரம் நட்டால் நீர் பெருகும் என்ற நம்பிக்கைக்கும் இம்மலைகளில் சோதனை நடந்திருக்கிறது. நீலகிரியின் கிளென்மார்கனில், அருகருகே உள்ள இரு சிறு நீர்ப்பிடிப்புகளில் ஒன்றைப் புல்வெளியாகவே விட்டு, மற்றொன்றில் யூகலிப்டஸ் நட்டு, மத்திய மண்–நீர் ஆய்வு நிறுவனத்தின் உதகை மையம் பல ஆண்டு அளந்தது. முதல் பத்தாண்டுச் சுழற்சியில் நீர்வரத்து ஏறத்தாழ 16 விழுக்காடு குறைந்தது. கோடைக்காலத்துக் குறைந்த நீரோட்டம்தான் கீழே உள்ள ஊருக்கு உயிர். மரத்தோட்டத்தின் வேர் முதலில் குடிப்பதும் அதையே.

இந்தப் பின்னணியில்தான் பேரிஜம் வழிச் சாலை பற்றிய கோரிக்கையை எடைபோட வேண்டும். கொடைக்கானலிலிருந்து பேரிஜம், டாப் ஸ்டேஷன் வழியாக மூணாறு சென்ற பழைய மலைச்சாலை, இரண்டாம் உலகப் போரின்போது செப்பனிடப்பட்டது. ஜப்பானியர் சென்னையைத் தாக்கினால் ஆங்கிலேயர் மலைவழியே கொச்சிக்குத் தப்பிச் செல்ல ஏற்பாடு. அதனால் 'எஸ்கேப் ரோடு' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1990 வாக்கில் ஊடுபோக்குவரத்து நிறுத்தப்பட்டது. அன்று முதல், தேர்தல் காலத்திலும் சுற்றுலாப் பருவத்திலும், அதை மீண்டும் திறக்க வேண்டும் என்ற குரல் எழுந்தவண்ணம் இருக்கிறது. இரண்டு மலைநகரங்களுக்கு இடையே உள்ள தொலைவு வத்தலக்குண்டு, தேனி, போடி சுற்றுவழியைவிடப் பாதியளவாகும், வணிகம் பெருகும், ஏற்கெனவே இருக்கும் சாலைதானே என்பது வாதம்.

'ஏற்கெனவே இருக்கும் சாலை' என்ற சொற்றொடர் மட்டுமே இங்கு வலுவுள்ளது. அதனால் அதையே ஆராய வேண்டும். கைவிடப்பட்ட சாலையும் நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான வாகனம் ஓடும் சாலையும் நிலத்துக்கு ஒன்றல்ல. அகலப்படுத்தினால் மலைப்பக்கம் வெட்டு விழும்; வெட்டுக்கு அடியில் வடிகால் தோண்டுவார்கள். சதுப்பின் ஓரத்தில் தோண்டப்படும் ஒரு முழ ஆழ வடிகால், சதுப்பின் நீர்மட்டத்தை நெடுந்தூரம் இறக்கிவிடும். நீர் இறங்கிய கரிச்சேறு காற்றுபட்டு மட்கத் தொடங்கும், சுருங்கும், தன் கார்பனை வெளிவிடும். நன்கு காய்ந்த கரிச்சேறு மீண்டும் நீரை எளிதில் ஏற்பதுமில்லை. கோடையில் தீப்பிடித்தால் மண்ணுக்கடியில் பல நாள் கனலும். கிளறிய மண்ணில் சீகை முளைக்கும். அதன் விதை பல பத்தாண்டுகள் மண்ணில் உறங்கும் திறமுடையது. நெருப்பும் கிளறலும் அதை எழுப்பும். சாலையோரத்தில் தொடங்கிய சீகை சரிவேறிப் புல்வெளிக்குள் நுழைவதை உயர்மலைகளில் எங்கும் காணலாம். இவை எவையும் சாலையின் அகலத்துக்குள் அடங்குவன அல்ல. சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையோ சாலையின் அகலத்தைத்தான் அளக்கும்.

இம்மலைகளின் உயிரினங்கள் பல, ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்குச் செல்ல இயலாமல் தனித்தனித் தீவுகளில் வாழ்வனபோல் இருக்கின்றன. அறிவியலாளர் இவற்றை வானத்தீவுகள் என்கின்றனர். ஆனைமுடிப் பகுதியின் செம்மஞ்சள் நிறக் குட்டைக்கால் தவளை ஒன்று 2010இல்தான் புதிய இனமாக விவரிக்கப்பட்டது. எரவிகுளத்தைச் சூழ்ந்த சில சதுர கிலோமீட்டர் மலையுச்சியே அதன் முழு உலகம். சோலைகளின் தரையோரம் பாடும் சிறு பறவைகளை ஆராய்ந்து, அவை இம்மலைகளுக்கே உரிய தனிப் பேரினம் என்று 2017இல் 'சோலிகோலா' எனப் பெயரிட்டனர். சோலை என்ற தமிழ்ச்சொல் லத்தீன் விகுதி பெற்று விலங்கியல் பெயராயிற்று. இங்கும் மரத்துக்கே அந்தப் பேறு. வரையாட்டுக்காகத் தமிழ்நாடு அரசு 2023இல் தனித் திட்டம் தொடங்கியதால் புல்வெளிக்கும் ஒரு காவலன் கிடைத்திருக்கிறது. சதுப்புக்கு அப்படி முகம் கொண்ட விலங்கு ஒன்றும் இல்லை. கோரையும், பூச்சியுண்ணும் சிறு பனித்துளிச் செடியும், தவளையும் சுவரொட்டியில் அழகாக வருவதில்லை.

சட்டத்திலும் அதற்கு இருக்கை இல்லை என்பதுதான் வியப்பு. ஈரநிலங்கள் (பாதுகாப்பு, மேலாண்மை) விதிகள், 2017 ஈரநிலத்தை வரையறுக்கும்போது, குடிநீருக்காகவும் பாசனத்துக்காகவும் மனிதர் கட்டிய நீர்நிலைகளை விலக்குகிறது. காட்டுச் சட்டங்களும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பொருந்தும் பகுதிகளிலுள்ள ஈரநிலங்களையும் தன் வரம்புக்கு வெளியே விடுகிறது. காரணம் நியாயமானதே: அங்கு ஏற்கெனவே கடுமையான சட்டம் இருக்கிறது, இரட்டிப்பு வேண்டாம். ஆனால் விளைவு என்ன? பேரிஜத்தின் தேக்கநீர் குடிநீர்த் தேக்கம் என்பதால் ஈரநிலம் அன்று. மேலுள்ள சதுப்பு சரணாலயத்துக்குள் இருப்பதால் ஈரநில விதிக்கு உட்பட்டதன்று. வனச் சட்டம் அதைக் காக்கும், காடு என்ற பெயரில். காடு என்ற பெயரில்தான் அங்கே சீகையும் நடப்பட்டது. கோத்தகிரியின் லாங்வுட் சோலை, காடாக இருந்தும், 2024இல் ராம்சார் பட்டியலில் ஈரநிலமாக இடம்பெற்றது. மலைக்காட்டை நீர்நிலையாகக் கண்டு பெயரிடலாம் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே முன்னுதாரணம் இருக்கிறது.

சாலை கோருவோரை எல்லாம் சூழலின் பகைவர் என்று ஒதுக்குவது எளிது, தவறும்கூட. கிளாவரை, கவுஞ்சி, வட்டவடை, கோவிலூர் ஆகிய மலையூர்களில் பூண்டும் காய்கறியும் விளைவிப்போருக்கு, மருத்துவமனையும் சந்தையும் தொலைவு என்பது உண்மையான துன்பம். பளியரும் முதுவரும் இந்த மேட்டில் காலனி ஆட்சிக்கு முன்பிருந்தே நடந்தவர்கள். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அவர்களுக்கு அளித்த உரிமையைச் சரணாலயம் என்ற பெயர் விழுங்கிவிடக் கூடாது. ஆனால் ஊர்க்காரரின் அவசர ஊர்திக்கு வேண்டிய வழியும், கொடைக்கானல் விடுதியிலிருந்து மூணாறு விடுதிக்கு ஒரே பகலில் செல்ல விரும்பும் வாகன வரிசையும் ஒரே கோரிக்கை அல்ல. இரண்டாவதை முன்தள்ள முதலாவதின் துயரம் மேடையில் ஏற்றப்படுகிறது. ஊர்களுக்கு வேண்டியது அந்தந்த ஊரை அருகிலுள்ள நகரோடு இணைக்கும் தரமான சாலையும், மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையமும். அவற்றுக்குப் பேரிஜத்தின் சரிவை வெட்ட வேண்டிய தேவையில்லை.

அந்நிய மரங்களை அகற்றச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருப்பதால், இனி எல்லாம் சரியாகும் என்ற எண்ணமும் அவசரமானது. சரிவில் சீகையை ஒரே நாளில் வெட்டி இழுத்தால், திறந்த மண்ணில் உறங்கிய விதைகள் அனைத்தும் ஒருசேர முளைக்கும். மண் சதுப்புக்குள் சரியும். பழனிமலையில் சில இடங்களில் முதிர்ந்த தோட்டத்தின் நிழலிலேயே சோலை மரக்கன்றுகள் தாமாக எழுந்திருக்கின்றன. எங்கே வெட்டுவது, எங்கே விட்டுவைப்பது, எங்கே ஆண்டுதோறும் முளையைக் கையால் பிடுங்குவது என்பது சதுப்பு சதுப்பாகப் பார்த்து முடிவுசெய்ய வேண்டியது. ஒப்பந்தப்புள்ளிக்கு அந்தப் பொறுமை இருப்பதில்லை.

ஆகவே சாலையைப் பற்றி அமைச்சர்கள் மீண்டும் பேசுவதற்கு முன், செய்யக்கூடிய சிறு பணி ஒன்று உண்டு. பேரிஜம் நீர்ப்பிடிப்பிலும், எல்லைக்கு அப்பால் பாம்பாடும் சோலை, எரவிகுளம் பகுதிகளிலும் உள்ள சதுப்புகளை, அளவில் எவ்வளவு சிறியதாயினும், ஒவ்வொன்றாக எண்ணி, இரு மாநில வனத்துறைகளும் ஒரே வரைபடத்தில் குறிக்கட்டும். வடகிழக்குப் பருவமழை முடிந்த சனவரியில் ஒருமுறை, கோடையின் கடும் வறட்சியில் ஒருமுறை, ஒவ்வொன்றின் நீர்மட்டத்தையும் ஒரு குழாய் நட்டு அளக்கட்டும். அதற்கு ஒரு சரணாலயப் பணியாளரும் ஓர் அளவுகோலும் ஒரு குறிப்பேடும் போதும். மணக்கடவில் ஓடும் நீரைப் பல பத்தாண்டுகளாக விடாமல் அளந்து பதிவு செய்யும் இரு மாநிலங்களுக்கு இது இயலாத வேலையன்று.